கம்போங் (இந்தோனேசிய நகரக் குடியிருப்பு)

கம்போங் என்பது இந்தோனேசிய நகரங்களில் முன்கூட்டிய மனைப்பிரிவுத் திட்டம் எதுவுமின்றி, குடியிருப்போர் தாமே படிப்படியாகக் கட்டி எழுப்பிய நெருக்கமான குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும். ஒன்று அல்லது இரண்டு மாடிகளைக் கொண்ட வீடுகளும், மோட்டார் சைக்கிள் மட்டுமே நுழையக்கூடிய 'காங்' எனப்படும் சந்துகளும் இதன் புற அடையாளங்களாகும். மலாய் மொழியில் இச்சொல் சிற்றூரைக் குறிக்கும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் இதனைக் 'கம்பம்' என வழங்குவர். இந்தோனேசியாவிலோ நாட்டுப்புறச் சிற்றூர் நிர்வாக வழக்கில் 'தேசா' எனப்படுவதால், கம்போங் என்னும் சொல் நகரின் நடுவிலுள்ள குடியிருப்பையும் இயல்பாகக் குறிக்கிறது.

கம்போங்கைச் சேரி என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. ஒரே சந்தில் அரசு ஊழியர், கடைக்காரர், தொழிற்சாலைப் பணியாளர், கூலித் தொழிலாளி ஆகியோர் அடுத்தடுத்து வாழ்வதைக் காணலாம். இக்குடியிருப்புகளின் தனித்தன்மை வறுமை அன்று. நிலத்தின் மீதான உரிமை முழுமையாக உறுதி செய்யப்படாத நிலையிலும் மக்கள் தம் சேமிப்பை வீட்டில் இட்டு வந்துள்ளனர் என்பதே இவற்றின் தனித்தன்மையாகும்.

வரலாறு

டச்சுக் குடியேற்ற ஆட்சியில் நகராட்சிகள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிகளுக்கே சாலையும் வடிகாலும் அமைத்தன. நகர எல்லைக்குள் சிக்கிக்கொண்ட கம்போங்குகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. செமாராங் நகரில் மருந்துக்கடை நடத்தியவரும் நகரமன்ற உறுப்பினருமான டில்லேமா இக்குடியிருப்புகளின் சுகாதாரக் கேட்டை 'குரோமோபிளாண்டா' என்னும் பல தொகுதி நூலில் விரிவாகப் பதிவு செய்தார். நகரத் திட்டமிடலாளர் தாமஸ் கார்ஸ்டன், பத்தாவியா நகரமன்றத்தில் முகம்மது ஹுஸ்னி தாம்ரின் (1894–1941) ஆகியோரும் இவற்றின் மேம்பாட்டுக்காகக் குரல் கொடுத்தனர். 1920களில் சில நகரங்களில் சிறிய அளவில் பணிகள் தொடங்கின.

விடுதலைக்குப் பின் ஜகார்த்தாவின் மக்கள்தொகை மிக விரைவாகப் பெருகியது. வீடு கட்டித் தர அரசிடம் பணம் இல்லை. 1966 முதல் 1977 வரை ஆளுநராக இருந்த அலி சாடிகின், 1969 இல் தாம்ரின் பெயரிலேயே கம்போங் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். இத்திட்டம் வீடுகளைத் தொடவில்லை. சந்துகளுக்குக் கற்காரைப் பாதை, மழைநீர் வடிகால், பொதுக் குடிநீர்க் குழாய், பொதுக் குளியலறை, கழிப்பிடம், நலவாழ்வு நிலையம், தொடக்கப்பள்ளி ஆகியவற்றை மட்டும் அமைத்தது. வீட்டைச் சீரமைப்பது குடியிருப்போர் பொறுப்பாக விடப்பட்டது. 1974 முதல் உலக வங்கி இதற்குக் கடனுதவி அளித்தது. பின்னர் நாடெங்கும் பரவிய இத்திட்டம் சுமார் 1.5 கோடி மக்களை எட்டியதாக மதிப்பிடப்படுகிறது. ஜகார்த்தாத் திட்டத்திற்கு 1980 இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வழங்கப்பட்டது.

சுராபாயா நகரம் இதே காலப்பகுதியில் வேறு வழியைப் பின்பற்றியது. இந்தோனேசிய நாட்டுப்பண்ணை இயற்றிய சுப்ரத்மானின் பெயரால் அமைந்த அந்நகரத் திட்டத்தில், மக்கள் தம் உழைப்பையும் பணத்தையும் பங்காகத் தந்தனர். நகரின் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் யோஹான் சிலாஸ் இப்பணிகளுக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டினார். அங்குள்ள கம்போங் கெபாலென் மேம்பாட்டுக்கு 1986 இல் ஆகா கான் விருது கிடைத்தது.

திட்டமும் வீட்டு முதலீடும்

நிலப்பட்டா வழங்குவது இத்திட்டத்தின் பகுதியாக இருக்கவில்லை. ஆயினும் பாதை போடப்பட்ட கம்போங்குகளில் மக்கள் மூங்கில் தட்டிச் சுவர்களை அகற்றிச் செங்கற்சுவர் எழுப்பினர், தரைக்கு ஓடு பதித்தனர், மாடி கட்டினர். அரசே செலவு செய்து வடிகால் அமைத்த இடத்தை நாளையே இடிக்காது என்னும் நம்பிக்கை இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. உரிமைப் பத்திரம் செய்ய வேண்டிய வேலையை ஒரு கற்காரைப் பாதை ஓரளவு செய்தது எனலாம்.

அந்த நம்பிக்கை எல்லா இடங்களிலும் நிலைக்கவில்லை. 1980களிலும் அதன் பின்னரும் ஜகார்த்தாவின் மையப் பகுதியில் அலுவலகக் கட்டடங்கள் பெருகியபோது, மேம்படுத்தப்பட்ட கம்போங்குகள் பல மறைந்தன. எஞ்சியவற்றைப் பற்றிப் பிற்காலத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று, திட்டம் எட்டிய இடங்களில் நிலமதிப்பும் கட்டட உயரமும் அதையொத்த பிற இடங்களைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டறிந்தது. நகர நிலத்தின் பயன் இதனால் முடங்கியது என்று சிலர் இதைப் படிப்பர். மையப் பகுதியில் எளிய குடும்பங்கள் இன்னும் வாழ முடிகிறது என்றும் இதைப் படிக்கலாம். இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்களாதலால், எதை வெற்றி எனக் கொள்வது என்பது அளப்பவரின் நோக்கைப் பொறுத்தது.

அன்றாட வாழ்க்கை

கம்போங்கின் அடிப்படை அலகு 'ருக்குன் தெத்தாங்கா' எனப்படும் அண்டைவீட்டார் குழுவாகும். பல குழுக்கள் சேர்ந்தது 'ருக்குன் வார்கா'. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை ஜாவாவில் புகுத்திய அண்டைவீட்டார் கண்காணிப்பு முறையிலிருந்து இவை தோன்றின. குழுத் தலைவரைக் குடியிருப்போர் தேர்ந்தெடுப்பர். இவற்றுக்கு மேலுள்ள 'கெலுராஹான்' அலுவலகத்தின் தலைவரான லூரா அரசு ஊழியர் ஆவார். புதிதாகக் குடிவருபவரும் இரவு தங்கும் விருந்தினரும் 24 மணி நேரத்திற்குள் குழுத் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்னும் அறிவிப்புப் பலகையைப் பெரும்பாலான சந்துகளின் நுழைவாயிலில் காணலாம். வீடு வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் முதலில் அறிய வேண்டிய முகவரி இத்தலைவருடையதே.

வடிகால் தூர்வாரும் கூட்டு உழைப்பு 'கெர்ஜா பக்தி' எனப்படும். இதிலுள்ள பக்தி வடமொழிச் சொல்லே. இரவுக் காவலுக்கு ஆண்கள் முறை வைத்துச் செல்வர் அல்லது அதற்கான பணம் தருவர். பெண்களிடையே 'அரிசான்' பெருவழக்கு. இது நம்மூர்க் குலுக்குச் சீட்டை ஒத்தது. ஏலமும் தள்ளுபடியும் இல்லை. ஒவ்வொரு முறையும் குலுக்கலில் பெயர் விழுபவர் முழுத்தொகையையும் பெறுவார். கூரை மாற்றுவதற்கும் ஓர் அறை கூட்டுவதற்கும் இப்பணம் உதவுகிறது. அவசரத் தேவைக்கு நகையை வைக்க 1901 இல் தொடங்கப்பட்ட அரசு அடகுக்கடையின் கிளைகள் உள்ளன. வங்கி வீட்டுக்கடன் 1976 முதல் இந்தோனேசியாவில் உண்டு. ஆனால் அதற்கு நிலச் சான்றிதழ் தேவைப்படுவதால் கம்போங் வீடுகள் பலவற்றுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்து வந்துள்ளது.

வீடே வருவாய்க்கும் வழியாகும். முன்னறை 'வாரூங்' எனப்படும் பெட்டிக்கடையாகவோ உணவுக்கடையாகவோ மாறும். மாடியறைகள் மாணவருக்கும் பணியாளருக்கும் மாத வாடகைக்கு விடப்படும் 'கோஸ்' அறைகள் ஆகும். முழுவீட்டு வாடகையை ஓராண்டுக்கு முன்பணமாக வாங்குவது பரவலான வழக்கம். ஜகார்த்தாவின் சுதிர்மான் சாலையிலுள்ள உயர்மாடிக் கட்டடங்களில் பணிபுரிவோர் பலர் தங்குவதும் உண்பதும் அவற்றின் பின்புறச் சந்துகளில்தான்.

நில உரிமை

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் எண் அடிப்படை நிலச் சட்டம் முழு உரிமையை 'ஹாக் மிலிக்' என வரையறுக்கிறது. தனியாட்களில் இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே இதனைப் பெற முடியும். 'ஹாக் குனா பாங்குனான்' என்பது வரையறுத்த காலத்திற்குக் கட்டடம் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமை. முதலில் 30 ஆண்டுகள் வரை தரப்படும் இது 20 ஆண்டுகள் நீட்டிக்கத்தக்கது. இதனை உள்நாட்டில் பதிவுசெய்த நிறுவனங்களும் பெறலாம். நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கு 'ஹாக் பாக்காய்' எனப்படும் பயன்பாட்டு உரிமை உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் நிலத்தை வாங்கி, உண்மை உரிமையைத் தனி ஒப்பந்தத்தால் வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளும் பினாமி முறை சட்டப்படி செல்லாது. நிலம் அரசின் வசமாகும், கொடுத்த பணமும் திரும்பாது. முறையான விற்பனையில் வாங்குபவர் விலக்குத் தொகை போக எஞ்சிய மதிப்பில் 5% வரையும், விற்பவர் 2.5% வருமான வரியும் செலுத்துகின்றனர்.

கம்போங்கில் வீடு வாங்குவோர் பெரும்பாலும் எதிர்கொண்ட ஆவணம் சான்றிதழ் அன்று, 'கிரிக்' ஆகும். இது பழைய நிலத்தீர்வை செலுத்தியதைக் காட்டும் தாள். இதையே கிழக்கு ஜாவாவில் 'பெத்தோக் டி' என்பர். பல தலைமுறைகளாக இது கைமாறி விற்கப்பட்டாலும் உரிமைச் சான்று ஆகாது. சுராபாயாவில் நகராட்சி நிலத்தில் வாழ்வோருக்குத் தரப்பட்ட உரிமத்திற்கு, அதன் பச்சை நிறத்தால், 'சூராத் இஜோ' எனப் பெயர். அவர்கள் நகராட்சிக்கு நிலக் கட்டணமும் செலுத்திச் சொத்து வரியும் செலுத்த வேண்டியிருப்பது நெடுங்காலக் குறையாக உள்ளது.

2017 முதல் நாடு தழுவிய நிலப்பதிவுத் திட்டம் விரைவுபடுத்தப்பட்டு, கோடிக்கணக்கான நிலத்துண்டுகளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. கிரிக் போன்ற பழைய தாள்களை 5 ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதன்பின் அவை வெறும் குறிப்பாகவே கொள்ளப்படும் என 2021 ஆம் ஆண்டின் அரசு விதி கூறியது. சான்றிதழ் கடன் பெற உதவுகிறது. அதே வேளையில் நிலத்தை எளிதில் விற்கத்தக்கதாகவும் ஆக்குவதால், மையப் பகுதிக் கம்போங்குகள் வீடு வீடாக விற்கப்பட்டுக் கரைவதும் உண்டு. சுமாத்திராவின் மேடான் நகரில், தெலித் தோட்டங்களுக்கு 19 ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட தமிழரின் வழிவந்தோரோடு தொடர்புடைய கம்போங் மதராஸ் (முன்னாளில் கம்போங் கெலிங்) இன்று பெரிதும் வணிகப் பகுதியாகும். 1884 இல் எழுந்த மாரியம்மன் கோயில் அங்கு நிலைத்திருக்கிறது.

வெளியேற்றமும் மீள்கட்டமைப்பும்

ஆற்றங்கரைக் கம்போங்குகள் வெள்ளத்தாலும் வெள்ளத்தடுப்புப் பணியாலும் ஒருசேரத் தாக்கப்பட்டவை. யோக்யகார்த்தாவில் சோடே ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்ற 1980களில் முயன்றபோது, பாதிரியாரும் கட்டடக் கலைஞரும் புதின ஆசிரியருமான மாங்குன்விஜாயா உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். குடியிருப்பு தப்பியது. அவர் வழிகாட்டலில் மூங்கிலாலும் மரத்தாலும் சீரமைக்கப்பட்ட அவ்விடம் 1992 இல் ஆகா கான் விருது பெற்றது.

ஜகார்த்தாவில் 2015 இல் கம்போங் பூலோவும், 2016 இல் கம்போங் அக்வாரியம், புக்கிட் டூரி ஆகியவையும் இடிக்கப்பட்டன. கம்போங் பூலோவைச் சேர்ந்த பலர் அரசு அடுக்குமாடி வாடகை வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். முன்பு வீட்டுக்கு உடையவராயிருந்தோர் அங்கு மாத வாடகை கட்டும் குடித்தனக்காரர் ஆயினர். புக்கிட் டூரி மக்கள் தொடுத்த வழக்கில் 2017 இல் மத்திய ஜகார்த்தா நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இடிபாடுகளிடையே கூடாரமிட்டுத் தங்கிய கம்போங் அக்வாரியம் மக்களுக்கு அதே இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பப்பட்டு, அதன் முதற்பகுதி 2021 ஆகத்தில் திறக்கப்பட்டது. வடிவமைப்பில் குடியிருப்போர் பங்கேற்றனர், பராமரிப்பை அவர்களது கூட்டுறவுச் சங்கம் ஏற்றுள்ளது. நிலம் நகர அரசுடையதாகவே உள்ளது.