மஸ்டர் ரோலில் இல்லாத நோய்: வெள்ளச் சேறு அள்ளியவர்களும் இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாறும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் கூடியிருக்கிறோம். இன்னும் பதினோரு நாள் கழிந்தால் தாமிரபரணியில் அந்த வெள்ளம் வந்து ஓராண்டு நிறைகிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை இந்த ஊருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. ஏரலில் ஆற்றுப்பாலத்தின் தொடர்பு அறுந்தது. கடைத்தெருவில் தண்ணீர் ஏறி அரிசியும் பருப்பும் துணியும் மூட்டை மூட்டையாக அழுகின. வயலில் வாழை சாய்ந்தது. தொழுவத்தில் கட்டிக் கிடந்த மாடுகள் கயிற்றோடு செத்தன.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து நகராட்சிகளிலிருந்தும் லாரிகளில் கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் அவர்கள். அழுகிய மூட்டைகளையும் கால்நடைச் சடலங்களையும் அள்ளினார்கள். செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து கலந்த சேற்றை வாரினார்கள். பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் தூவினார்கள். பெரும்பாலோர் அருந்ததியர், மற்றவர்களிலும் பலர் நம் பட்டியல் சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊர் சுத்தமானது, கடைகள் திறந்தன, லாரிகள் திரும்பிப் போயின. அவர்களோடு போன காய்ச்சலும் மூச்சிரைப்பும் எந்த வெள்ளச் சேதக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்த ஓராண்டில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளுக்குப் பலமுறை போய் வந்தோம். ஒரு அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்பது நாள் வெள்ளச் சேற்றில் நின்றவர். ஊர் திரும்பிய மறுவாரமே காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் கண்டு படுத்தார். காட்டிய மருத்துவமனையின் சீட்டில் 'காய்ச்சல்' என்று மட்டுமே இருந்தது. எலிக்காய்ச்சலா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. மஸ்டர் ரோலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அந்த ஒன்பது நாளும் அவர் தன் சொந்த வார்டில் தெருக் கூட்டியதாக எழுதியிருக்கிறது. "லாரியில ஏத்தும்போது ஆளை எண்ணுனாவ அண்ணாச்சி, பேரை எழுதல" என்றார். நாங்கள் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நமக்குச் சட்டம் இல்லை என்பதல்ல சிக்கல். சட்டத்தின் வாசல்வரை நம்மைக் கொண்டுபோகும் காகிதம் நம் கைக்கு வராமல் தடுக்கப்படுகிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. வேலையில் கை போனால், கால் போனால், உயிர் போனால் முதலாளி தர வேண்டிய தொகையை அது வரையறுத்தது. நோயையும் அது விட்டுவிடவில்லை. மூன்றாம் அட்டவணை என்று ஒரு பட்டியல் வைத்தது. தொடக்கத்தில் அதில் ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு, ஆந்த்ராக்ஸ் என்று சில நோய்களே இருந்தன. ஆந்த்ராக்ஸ் என்பது செத்த கால்நடையையும் தோலையும் கையாளுகிறவர்களைப் பிடிக்கும் நோய். அந்த வேலையை இந்த நாட்டில் யார் தலையில் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் தொழிலின் ஆபத்தை ஆங்கிலேய அரசு நூறாண்டுக்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

1984 திருத்தத்தில் அந்த அட்டவணை விரிந்தது. அப்போதிலிருந்து அதன் 'ஏ' பகுதியின் முதல் இனமே தொற்றுநோய்கள்தான். மருத்துவமனை வேலை, கால்நடை வேலை, விலங்குகளின் சடலங்களைக் கையாளும் வேலை ஆகியவற்றோடு, 'தொற்றும் ஆபத்து குறிப்பாக உள்ள பிற வேலை' என்ற வகையும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் முக்கியமானதாக இருந்தது. 'ஏ' பகுதியில் சொன்ன வேலையில் இருப்பவருக்கு அதில் சொன்ன நோய் வந்தால், அது வேலையால் வந்த விபத்தாகவே கருதப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. எலி மூத்திரம் கலந்த சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வந்தால், அது அந்தச் சேற்றால் வரவில்லை என்று காட்ட வேண்டியவர் அவரை அங்கே அனுப்பியவர்.

ஓட்டைகளும் உண்டு. தோல் நோய்கள் 'பி' பகுதியில் இருக்கின்றன. அதற்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாத வேலை வேண்டும். ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த ஆறு மாதம் எப்படி நிறையும்? இரண்டாம் அட்டவணை, யார் யார் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று சொல்கிறது. உள்ளாட்சி எல்லைக்குள் பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்வோர் அதில் பெயரோடு இருக்கிறார்கள். பேரிடர்க் கழிவு அள்ளுவோர் பெயரோடு இல்லை. புதிய வேலைகளை அட்டவணையில் சேர்க்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. நம் கோரிக்கைகளில் இது முதலாவதாக இருக்க வேண்டும்.

அடுத்து 2004. டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சடலங்களை எடுக்க மற்ற நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுபோனார்கள். கையுறைகூட ஒழுங்காக இல்லாமல் அந்த வேலையைச் செய்தவர்கள் நம் மக்கள். அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 65, 66ஆம் பிரிவுகளை மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். மீட்புப் பணிக்காக அரசு ஒருவருடைய வாகனத்தை எடுத்துக்கொண்டால், அந்த வட்டாரத்து வாடகை விகிதத்தில் உரிமையாளருக்கு ஈடு தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. லாரிக்கு ஒரு பிரிவு இருக்கிறது. லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவரின் நுரையீரலுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறையில், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. நிவாரணப் பணியில் ஈடுபட்டு இறந்தவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் மரணத்தின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். இந்த ஆற்றங்கரையில் 'காரணம்' என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் 17 பேரை இழந்தோம். தடியால் செத்தார்களா, தண்ணீரால் செத்தார்களா என்பதே பிறகு விசாரணை ஆணையத்தின் முன் வழக்காக நின்றது.

உச்ச நீதிமன்றம் நமக்குச் சாதகமாகப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசியிருக்கிறது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014 மார்ச் 27இல் சஃபாய் கர்மாச்சாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20இல் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம் என்றது. இவை தோழர்கள் பல்லாண்டு போராடிப் பெற்றவை. ஆனால் இவை சாக்கடைக் குழியை மையமாகக் கொண்டவை. குழிக்குள் மூச்சுத் திணறிச் செத்தவருக்கு வழி திறந்திருக்கிறது. வெள்ளச் சேற்றில் நின்று, மூன்று மாதம் கழித்துச் சிறுநீரகம் கெட்டவர் எந்தக் கதவைத் தட்டுவது? குழிக்குள் போகும் உயிருக்கு விலை எழுதிய நாடு, வீட்டுத் திண்ணையில் மெல்லப் போகும் உயிரை இயற்கை மரணம் என்று எழுதுகிறது.

இந்தக் கேள்வி உலகுக்குப் புதிதல்ல. 1984 டிசம்பர் போபால் நச்சுவாயுவில், ரயில் நிலையத்தை விட்டுப் போகாமல் வண்டியை அனுப்பிவைத்த அதிகாரி குலாம் தஸ்தகீரின் பெயர் இன்று பலருக்குத் தெரியும். நச்சின் பாதிப்போடு வாழ்ந்து 2003இல் அவர் இறந்தார். அதே இரவில் சடலங்களை வண்டிகளில் ஏற்றியவர்களின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் 'தற்காலிகப் பாதிப்பு' என்ற வகையில் போடப்பட்டு 25,000 ரூபாய் பெற்றார்கள். நாள்பட்ட நோயைத் தற்காலிகம் என்று எழுதியதும் ஒரு காகிதம்தான்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இடிபாடுகளை அள்ளியவர்களுக்கும் இதுவே நடந்தது. காற்று பாதுகாப்பானது என்று ஒரே வாரத்தில் அரசு சொன்னது. முதல் இழப்பீட்டு நிதி 2003இல் மூடப்பட்டது. நோய்கள் அதன் பிறகே வெளிப்பட்டன. ஜேம்ஸ் சட்ரோகா என்ற காவல்துறைத் துப்பறிவாளர் 2006இல் இறந்தபோது, அந்தத் தூசிதான் காரணமா என்று மருத்துவர்களே மோதிக்கொண்டார்கள். அவர் பெயரிலேயே 2011 ஜனவரியில் சட்டம் வந்தது. 2019இல் அந்த நிதி 2090 வரை நீட்டிக்கப்பட்டது. தீயணைப்பு வீரர்களோடு, குப்பைக் கிடங்கில் அந்த இடிபாடுகளைக் கையாண்டவர்களும் அதற்குள் வருகிறார்கள். அங்கே இரண்டு காரியங்கள் நடந்தன. எந்தெந்த நோய்கள் என்று ஒரு பட்டியல் உருவானது. அந்த இடத்தில் இருந்ததற்குச் சான்றாக, உடன் வேலை செய்தவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களும் ஏற்கப்பட்டன. முதலாளியின் பதிவேட்டை மட்டுமே நம்பியிருந்தால் பலர் வெளியே நின்றிருப்பார்கள்.

பதிவேட்டின் அருமையை நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இல், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்து 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஒன்பது நாள் வெள்ள வேலைக்கு ஒரு நாள் பதிவுகூட இல்லாத நாம் இந்த 40 ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குறை நம்மிடமும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு கூட்டங்கள் போட்டோம், துண்டறிக்கை அடித்தோம். சடலம் எடுத்தவர்களின் பட்டியல் ஒன்றை நாம் எடுத்து வைக்கவில்லை. 2015 சென்னை வெள்ளத்திலும் வைக்கவில்லை. இழிவைப் பேசிய அளவுக்கு நோயைப் பேசவில்லை. ஏரலில் அந்தத் தவறை மூன்றாம் முறை செய்யக் கூடாது.

காலம் குறைவாக இருக்கிறது. 1923 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. தொழில்சார் நோய்க்கு அந்தக் கணக்கு, நோயால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாளிலிருந்து தொடங்கியது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சம்பளத்தைப் பிடிக்க மஸ்டர் ரோலில் போட்ட 'ஆப்சென்ட்' குறியே இங்கே நமக்குச் சாட்சி. அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாரோடு லாரியில் ஏறினார்கள், எந்தத் தெருவில் இறங்கினார்கள், எத்தனை நாள், கையுறை உண்டா, காய்ச்சல் எந்த நாளில் கண்டது என்று ஒவ்வொருவரிடமும் எழுதி, உடன் வந்த இருவரின் கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரமாக்குங்கள். செல்போனில் கிடக்கும் வெள்ளப் படங்களை அழித்துவிடாமல் தேதியோடு சேர்த்து வையுங்கள். ஏரல் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். தங்கள் கடை வாசலைச் சுத்தம் செய்தவர்கள் யார் என்று அவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்; அது அவர்கள் பட்ட கடன். மருத்துவரிடம் போகும்போது 'வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்' என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்ததாரர் ஓடிவிட்டார் என்று கையை விரித்தால், 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னதைக் காட்டுங்கள். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளி முதலில் தர வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளி குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுப் போடலாம். வேலை செய்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவர்கள் அந்தக் காப்பீட்டின் கீழ்தான் கேட்க வேண்டும். அங்கும் தொழில்சார் நோய்ப் பட்டியல் உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பதில் சொல்கிறது. அதன் 12ஆம் பிரிவில் பட்டியல் சாதியினருக்கும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. சலுகை என்று எண்ணித் தயங்காதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. பேரிடர்க் கழிவு அள்ளுவோரை இரண்டாம் அட்டவணையில் பெயரோடு சேர்க்க வேண்டும். லாரியில் ஏறும் இடத்திலேயே பெயர், இறங்கும் இடம், தரப்பட்ட பாதுகாப்புக் கருவி ஆகியவற்றைப் பதிந்து நகலைத் தொழிலாளி கையில் தர வேண்டும். திரும்பியவர்களுக்கு ஓராண்டு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தை உள்வாங்கியிருக்கும் நேரத்தில், இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறையைக் கையிலெடுத்த 1942இலிருந்து கணக்குப் பார்த்தால் 82 ஆண்டுகள். 2020இல் நம் மாநில அரசு 'துப்புரவு' என்ற சொல்லை மாற்றித் 'தூய்மை' என்றது. சொல் மாறியது நல்லதுதான். இனி அந்தப் பெயரைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அடுத்த வெள்ளத்தில் லாரி வரும்போது, ஆளை எண்ணுவதற்கு முன் பேரை எழுதச் சொல்லி நிற்க வேண்டியவர்கள் நாம். இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு சேற்றில் நின்றவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர்களை அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவோம்.

ஜெய் பீம்.