இஞ்சின் நின்னா என்ன ஆகும்? – 1931இல் ஒரு ஆட்டோஜைரோ பயணம்

வாலிநோக்கம் கடற்கரையில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் அநேகமாக ஒரு ஹெலிகாப்டராவது தலைக்கு மேலே போகும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதால் ஊர்க்காரர்களுக்கு அது புதிதில்லை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு வலை பொத்திக்கொண்டிருந்த காக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, எங்களுக்கு நடுக்கடல்ல இஞ்சின் நின்னா மிதப்போம். பாய் கெடந்தா விரிச்சு எப்படியும் கரைக்கு வந்துருவோம். இவனுக்கு மேல நின்னுபோச்சுன்னா?"

"அவங்களுக்கும் ஒரு பாய் இருக்கு காக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொல்ல ஆரம்பித்த கதைதான் இந்தக் குறிப்பு.

அந்தப் பாயைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு எஞ்சினியர் ஹுவான் தெ லா சியர்வா. 1919இல் அவர் வடிவமைத்த மூன்று இஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்திலேயே விழுந்து நொறுங்கியது. தரைக்குப் பக்கத்தில் வேகம் குறைந்துபோனதுதான் காரணம். விமான இறக்கைக்குக் காற்று வேகமாக எதிரே வந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அது தூக்குவதை நிறுத்திவிடும். வேகம் குறைந்தாலும் விழாத விமானம் செய்ய முடியாதா என்று சியர்வா யோசித்தார். விமானம் மெதுவாகப் போகட்டும், இறக்கை மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும் என்பது அவருக்குக் கிடைத்த விடை.

நம்ம பக்கம் பனை ஓலையைக் கிழித்து, முள்ளில் குத்தி, காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அந்தக் காற்றாடிதான். அதைச் சுற்றவைக்க யாரும் கையால் திருப்புவதில்லை, காற்று பார்த்துக்கொள்ளும். ஆட்டோஜைரோவில் முன்னால் இருக்கும் இஞ்சின் வண்டியை முன்னே இழுப்பதோடு சரி. தலைக்கு மேலே சற்றே பின்பக்கம் சாய்ந்திருக்கும் பெரிய சுழலி, கீழிருந்து மேலே புகுந்து போகும் காற்றில் தானாகச் சுற்றும், சுற்றிக்கொண்டே தூக்கும். இஞ்சின் நின்றால் வண்டி இறங்க ஆரம்பிக்கும். இறங்கும்போதும் காற்று கீழிருந்துதானே வருகிறது? அதனால் சுழலி நிற்காது, ஆளைப் பத்திரமாகக் கொண்டுவந்து தரையில் வைத்துவிடும்.

சொல்ல எளிது. சியர்வாவின் ஆரம்ப வண்டிகள் ஒழுங்காகப் பறக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தன. முன்னோக்கி வரும் அலகு அதிகமாகத் தூக்கும், பின்னோக்கிப் போகும் அலகு குறைவாகத் தூக்கும், சாயாமல் என்ன செய்யும்? ஆனால் பிரம்பில் அலகு வைத்துச் செய்த சின்ன மாதிரி மட்டும் அழகாகப் பறந்தது. பிரம்பு வளைந்து கொடுத்ததுதான் சூட்சுமம் என்று புரிந்ததும், பெரிய வண்டியின் அலகுகளுக்கு அடியில் கீல் வைத்தார். 1923 ஜனவரியில் அவருடைய சி.4 பறந்தது. சில நாள் கழித்து, தரையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அதன் இஞ்சின் நின்றுபோனது. அந்த உயரத்தில் சாதாரண விமானமாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். சி.4 மெதுவாக இறங்கி உட்கார்ந்தது.

1928இல் சியர்வாவே ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பாரீஸ் போனார். உரிமம் அமெரிக்காவுக்குப் போய், ஹரால்ட் பிட்கெர்ன் அங்கே ஆட்டோஜைரோ கட்டத் தொடங்கினார். 1931 ஏப்ரலில் அவருடைய வண்டி ஒன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே இறங்கியது. காப்பி சாப்பிட வந்த மாதிரி!

நான் சொல்ல வந்த பயணம் இதற்கு அடுத்த மாதம். ஜான் மில்லர் என்ற இருபத்தைந்து வயது விமானி சொந்தமாக ஒரு பிட்கெர்ன் பி.சி.ஏ-2 வாங்கினார். விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் 'விட்டுப்போன கண்ணி' என்று அதற்குப் பெயர் வைத்தார். மே 14ஆம் தேதி கிழக்கே பிலடெல்பியா பக்கத்திலிருந்து கிளம்பி, மே 28ஆம் தேதி பசிபிக் கரையில் சான் டியேகோவில் இறங்கினார். ஆட்டோஜைரோவில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் ஆள் அவர்தான்.

ஆனால் பத்திரிகைகள் எதிர்பார்த்தது வேறு ஒருவரை. அமேலியா இயர்ஹார்ட் ஏற்கெனவே ஏப்ரல் மாதம் இதே ரக வண்டியில் 18,415 அடி ஏறிச் சாதனை செய்திருந்தார். பீச்-நட் கம்பெனி தந்த ஆட்டோஜைரோவில், மே மாதக் கடைசியில் அவரும் மேற்கே கிளம்பினார். ஜூன் 6ஆம் தேதி ஓக்லண்டில் இறங்கியபோது, மில்லர் முந்திவிட்டார் என்பது தெரிந்த விஷயமாகிவிட்டது. சரி, திரும்பியும் பறந்து இருவழிச் சாதனையாவது செய்யலாம் என்று புறப்பட்டார். டெக்சாஸில் அபிலீன் என்ற ஊரில் கிளம்பும்போது வண்டி விழுந்தது. செப்டம்பரில் டெட்ராய்ட் கண்காட்சித் திடலில் இறங்கும்போது இன்னொரு விபத்து. இரண்டிலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டெட்ராய்டில் அடிபட்டது அவர் கணவருக்கு: பதறி ஓடிவந்தவர் கம்பி தடுக்கி விழுந்து விலாவில் அடிபட்டுக்கொண்டார். இந்த வண்டி ஆளைக் கொல்லாது, ஆனால் சுலபமாகவும் படியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கால விமானக் காட்சி எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மில்லர் கிளம்பிய மூன்றாம் நாள், மே 17 அன்று, ஒமாஹா விமானப் போட்டியில் 'ஸ்பீட்' ஹோல்மன் என்ற புகழ்பெற்ற விமானி தலைகீழாகத் தாழப் பறந்து காட்டும்போது தரையில் மோதி இறந்தார். கூட்டம் வேகத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கியது. அந்தக் கூட்டத்தின் முன்னால், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடாத ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மெதுவாக இறங்குவதையே வித்தையாகக் காட்டுவது லேசான காரியமில்லை. மில்லர் அதில் கரணமும் அடித்துக் காட்டினார் என்பது வேறு விஷயம்.

வேகம் மட்டுமில்லை, தூரமும் பிரச்சினைதான். ஒருமுறை பெட்ரோல் நிரப்பினால் பி.சி.ஏ-2 சுமார் 450 கிலோமீட்டர் போகும். கண்டத்தைக் கடக்க வேண்டுமென்றால் இறங்கி இறங்கித்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் பெட்ரோலோடு யாராவது காத்திருக்க வேண்டும். நம் ஊரிலும் கதை அதேதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தபோது, அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல்-பிஸ்கோ 1935 நவம்பரில் கொழும்பு போய் ரத்மலானையில் முதன்முதலாக இறங்கியதும் புஸ் மாத்தில்தான். ஒற்றை இஞ்சினை நம்பி நடுவே கடலைத் தாண்டிய பயணம். காக்காவின் கேள்வி அவருக்கும் வழியில் ஒருமுறையாவது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சியர்வா என்ன ஆனார்? 1936 டிசம்பர் 9ஆம் தேதி காலை, லண்டன் குராய்டனில் கடும் பனிமூட்டம். ஆம்ஸ்டர்டாம் போகும் கே.எல்.எம். விமானத்தில் பயணியாக ஏறினார். சாதாரண இறக்கை வைத்த டி.சி-2. கிளம்பிய உடனே வீட்டின் மேல் மோதி எரிந்துபோனது. அவருக்கு வயது 41. இந்த வரியை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

கொஞ்ச வருஷத்தில் ஹெலிகாப்டர் வந்தது. ஆட்டோஜைரோவால் முடியாததை, அதாவது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதை, அது செய்தது. ஆட்டோஜைரோவின் காலம் முடிந்தது. ஆனால் அந்தக் கீலும், இஞ்சின் இல்லாமல் சுற்றும் சுழலியும் ஹெலிகாப்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. இன்றைக்கும் ஹெலிகாப்டர் விமானிகள் இஞ்சின் சக்தியைத் துண்டித்து, சுழலியைக் காற்றிலேயே சுற்றவிட்டு இறங்கப் பழகுகிறார்கள். காக்காவிடம் நான் சொன்ன பாய் அதுதான்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் வலைக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மில்லரு?"

"1939ல பிலடெல்பியா போஸ்ட் ஆபீஸ் மொட்டை மாடியிலேர்ந்து ஆட்டோஜைரோல தபால் கொண்டுபோனாரு, ஒரு வருஷம் தினமும். 2008ல இறந்தாரு. 102 வயசு."

"மெதுவாப் போனவன் நல்லா இருந்திருக்கான்" என்றவர், உடனே கடலைக் கை காட்டினார். "ஆனா தம்பி, இங்க மேல நின்னா, மெதுவா எறங்குனாலும் தண்ணிலதானே எறங்கணும்? அப்புறம் நாங்கதான் வந்து தூக்கணும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.