பூஜ்யத்தைக் கண்டு எழுந்தவர்

கையெழுத்தின் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "பத்திரம் சரி" என்று சொல்லும் ரிஜிஸ்திராரை நீங்கள் கண்டதுண்டா?

நின்டெண்டோ கம்பெனி 2006-இல் வெளியிட்ட 'வீ' விளையாட்டுப் பெட்டியின் இயங்குதளத்துக்குள் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி முத்திரை இல்லாத புரோகிராமை அவர் உள்ளே விடக் கூடாது. முத்திரையிலிருந்து 20 எண்கள், புரோகிராமிலிருந்து 20 எண்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் எண்களை ஒப்பிட, சொற்களை ஒப்பிடும் கட்டளையை எழுதிவிட்டார்கள். அதற்குப் பூஜ்யம் என்றால் சொல் முடிந்தது என்று அர்த்தம். இரு பக்கமும் முதல் எண்ணே பூஜ்யமானால், மீதி 19-ஐப் பார்ப்பானேன்?

சில கெட்டிக்காரர்கள் முத்திரை முழுவதையும் பூஜ்யமாக்கினார்கள். புரோகிராமில் ஒரு மூலையை மாற்றி மாற்றிப் பார்த்தால், சராசரியாக 256 தடவைக்கு ஒரு தடவை அதுவும் பூஜ்யத்தில் தொடங்கும். கதவு திறந்துவிட்டது! (காசு கொடுத்து வாங்கிய பெட்டி யாருக்குச் சொந்தம் என்பது வேறு வழக்கு.) 2008-இல் கம்பெனி விழித்துக்கொண்டு, 20 எண்களையும் பார்க்கும்படி திருத்தியது.