நித்திய மருந்து: பேராக் தோட்டத் தமிழரிடையே

சுவாசகாசம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலான, முற்றிலும் தீராதனவாயினும் அடக்கிவைக்கத்தக்க நோய்களுக்காக, உபாதை தோன்றும் நாளில் மட்டுமன்றித் தோன்றாத நாளிலும் தவறாது எடுத்துக்கொள்ள வேண்டிய ஔஷதம் நித்திய மருந்து எனப்படும். அதை ஒழுங்காகக் கைக்கொள்வோர் எங்குமே குறைவு. செல்வம் மிகுந்த நாடுகளிற்கூட நீடித்த நோயாளரில் ஏறக்குறையப் பாதிப் பேரே மருத்துவர் சொன்னபடி மருந்து எடுக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இவ்விஷயத்துக்குத் தனியொரு சரித்திரம் உண்டு. அங்கே ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு, மருந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு நெடுங்காலம் தம்முடையதாக இருக்கவில்லை. தோட்ட நிர்வாகத்தினுடையதாகவே இருந்தது.

1877-இல் கோல கங்சாரில் ஊன்றிய சில கன்றுகளில் தொடங்கிய ரப்பர்ப் பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்த மலையடிவாரங்களெங்கும் பரவியபோது, வெயில் படும் தெளிந்த சிற்றோடைகளில் முட்டையிடும் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசுவும் உடன் பெருகி, கங்காணிகள் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக மலேரியாவில் வீழ்த்தியது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், நீரை வடித்துக் கொசுவையே ஒழிக்கும் வழியைக் காட்டினார். ஆயினும் வடிகாலுக்குப் பணம் செலவிடத் தயங்கிய நிர்வாகங்களுக்குக் கையெட்டும் உபாயமாக இருந்தது மலேரியா மருந்தான கொயினா. குளிர்ச்சி நீங்காத வேளையில்தான் ரப்பர்ப் பால் நன்றாக வடியும் என்பதால், மலாயாத் தோட்டங்களில் பொழுது புலருமுன்னே பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு மணி அடித்துவிடும். ஆணும் பெண்ணும் வாளியும் கத்தியுமாக வரிசையில் நிற்க, தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிட, மருந்து கொடுப்பவரான டிரெசர் கசப்பேறிய கொயினாத் தண்ணீரை ஊற்றி நீட்ட, அவர் கண்முன்னே அதைக் குடித்துவிட்டே அவரவர் மரநிரைக்குப் புறப்படுவர். இதை முழுதும் கருணை என்று கொள்வதற்கில்லை. காய்ச்சலில் படுத்தவன் பால் வெட்டமாட்டான் என்னும் கணக்கும் அதில் இருந்தது. அம்முறையின் குறை அதன் அமைப்பிலேயே கிடந்தது: பெரட்டுக்கு வராதவரை அது எளிதில் எட்டவில்லை. ஆயினும் வந்தவருள் மறந்தவர் என்று ஒருவர் இருக்க முடியாது.

கண்முன் மருந்து கொடுத்தல் என்னும் இதே முறை, வேறொரு நோயின் பொருட்டு, வேறொரு காரணத்தால், சென்னையிலும் பின்னர் ஆராயப்பட்டது. 1956-இல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், சானடோரியத்தில் படுக்கவைத்து அளிக்கும் சிகிச்சையையும் வீட்டில் இருந்தபடியே பெறும் சிகிச்சையையும் ஒப்பிட்டு, ஓராண்டு நாள்தோறும் மாத்திரை உண்டால் வீடே போதும் என்று 1959-இல் வெளியிட்டது. அங்குப் பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தாமாக மாத்திரை உண்பதை நம்பியிருப்பதில் உள்ள இடர்ப்பாட்டை உணர்ந்து, வீடு தேடிச்சென்று மாத்திரைகளை எண்ணுவதும் சிறுநீரைச் சோதிப்பதும் வேண்டும் என வற்புறுத்தினார். நேரில் கண்காணித்து மருந்தளிக்கும் பிற்காலத்து உலகளாவிய காசநோய்த் திட்டத்துக்கு இவ்வநுபவம் வித்துக்களுள் ஒன்று.

இதற்கிடையே பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்படலாயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முயன்றார். எனினும் செம்பனையும் வீடமைப்பும் ரப்பரை விழுங்கவே, லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகளில் வாழ்ந்த ஜனங்களிற் பலர் ஈப்போவின் புந்தோங் முதலிய பகுதிகளில் குடியேறினர். லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போனதைப் பற்றி இரங்கி எழுதியோர் பலர். டிரெசரோடு போனது என்ன என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஆலையில் பகல் வேலை ஒரு வாரம், இரவு வேலை மறுவாரம் என்று மாறும் ஒருவருக்கு மருந்து வேளையை அறிவிக்கும் மணி எதுவும் இல்லை.

இந்நிலையில் மிகவும் அவதி தருவது சுவாசகாசம். ஜனங்கள் இழுப்பு என்றும் வீசிங் என்றும் வழங்குவது. இந்நோயில் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஓயாது அழற்சியுற்றிருக்கும்; தூசு, புகை, சளி, 1997-இலும் 2015-இலும் தீபகற்பத்தைச் சூழ்ந்த புகைமூட்டம் போன்றவை அதைத் தூண்டிவிடும். சால்புட்டமால் அடங்கிய, வாயில் வைத்து உறிஞ்சும் நீல நிறப் பம்ப் சில நிமிஷங்களில் குழாயை விரித்துப் பிரத்தியட்சமாகச் சுகம் தருகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டுப் பம்ப்போ பல நாள், சிலருக்குப் பல வாரம் கழித்தே பலன் தருவது. எடுத்த அன்று எதுவும் தெரியாது, விட்ட அன்றும் எதுவும் தெரியாது. நீலத்தை ஒருவரும் மறப்பதில்லை, மற்றதையே மறக்கின்றனர். ஆகவே இதை ஞாபகசக்தியின் குறை என்று சொல்லிவிடுவது நோயாளிக்கு அநியாயம். பம்ப் பழகிப்போனால் விடமுடியாது என்னும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. நீலத்தை மட்டுமே நம்பியிருத்தல் அபாயகரமானது என்பதால், பெரியோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஸ்டீராய்டு சேராத சிகிச்சை கூடாதென்று 2019-இல் உலக ஆஸ்துமா முயற்சி அமைப்பு அறிவுறுத்தியது.

மறதிக்குக் கருவி கொண்டு பரிகாரம் தேடியதும் உண்டு. 2015-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில், வேளை வந்ததும் ஒலியெழுப்பும் பம்ப்பைப் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 84 வேளை மருந்தெடுக்க, ஒலியில்லாத பம்ப்பைப் பெற்றவர்கள் 30 வேளையே எடுத்தனர். அத்தகைய கருவி இல்லாத வீட்டில் பல்துலக்கும் பிரஷ் இருக்குமிடத்திலேயே பம்ப்பை வைப்பது செலவில்லாத உபாயம். மருந்தெடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாவில் வெண்பூஞ்சை படரக்கூடும் என்பதால் அவ்விடம் இரட்டிப்புப் பொருத்தம். மருந்து தீர்ந்ததை அறிவது வேறொரு சிக்கல். எண் காட்டாத பம்ப் வெறுமையான பின்னும் உந்துவாயுவைச் சீறிக்கொண்டிருக்கும். 200 வேளை அடங்கிய குப்பியைக் காலை இரண்டு, மாலை இரண்டு என எடுத்தால் 50 நாளில் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டு, தொடங்கும் அன்றே முடியும் தேதியைக் குப்பியின் மேல் எழுதிவைத்தலே நம்பத்தக்க வழி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருந்து பெறலாம் என்பதால், பேராக்கில் விலை பெருந்தடையன்று. மாதந்தோறும் போய்வர ஒரு நாள் வேலையை விடுவதே தடை.

தைப்பூசத்தின்போது ஈப்போ குனோங் சீரோவிலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடி எடுக்க விரதம் இருப்போருள், உணவோடு மருந்தையும் நிறுத்திவிடுவோர் சிலர் உண்டு. கூட்டமும் தூசியும் மிகுந்த அந்நாளுக்கு முன் ஸ்டீராய்டுப் பம்ப்பை விடுவது இழுப்பை வலிய அழைப்பதாகும். உறிஞ்சும் மருந்து உணவன்று. கொப்பளித்த நீரையும் ஒருவரும் விழுங்குவதில்லை.