முதற்கட்ட மருந்துச் சோதனை (புற்றுநோய்)

புதிய மருந்தொன்றை மனிதருக்கு முதன்முறையாகக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. மற்ற நோய்களுக்கான மருந்துகளைப் பெரும்பாலும் நலமான தன்னார்வலர்களிடம் சோதிப்பர். புற்றுநோய் மருந்துகளில் பல நச்சுத்தன்மை மிக்கவை என்பதால், வழக்கமான சிகிச்சை பலனளிக்காத, நோய் முற்றிய நோயாளிகளே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றனர்.

உடல் தாங்கும் அளவைக் கண்டறிவதே முதல் நோக்கம், குணப்படுத்துவது அன்று. சேருவோர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் இச்சோதனையின் தீராத அறச்சிக்கல். பரவலான முறையில் மூவருக்கு ஓர் அளவு தரப்படும். கடும் பக்கவிளைவு இல்லையேல் அடுத்த மூவருக்கு அளவு கூடும். ஒருவருக்கு நேர்ந்தால் அதே அளவில் மேலும் மூவர் சேர்க்கப்படுவர். இருவருக்கு நேர்ந்தால் அளவு ஏறாது. ஆகவே முதலில் சேருபவருக்கு, பயன் தர முடியாத அளவுக்குக் குறைவான மருந்தே கிடைக்கக்கூடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பின்னரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான மருத்துவம் மறுக்கப்படக் கூடாது.

அரிதாக, முதற்கட்டமே வரலாறாகிவிடும். அமெரிக்காவில் பிரையன் டிரக்கர் குழுவினர் 1998 ஜூனில் இமாட்டினிப் மருந்தை, இன்டர்ஃபெரான் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளுக்குத் தரத் தொடங்கினர். நாளொன்றுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கி அளவு படிப்படியாக ஏறியது. 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பின. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.