பாலைவனத்தில் இரண்டு அப்பம்

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முடிவில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள், எகிப்தில் நைல் ஆற்றை ஒட்டிய வறண்ட நிலங்களில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் போய்க் குடியேறினார்கள். பெரும்பாலோர் உழவர் குடிகள். ஊர், உறவு, காணி எல்லாவற்றையும் விட்டு அவர்கள் தேடிப் போனது கடவுளின் சொல் தரும் உணவை. வயிற்றுப் பசியைக் குறைத்தால் ஆன்மப் பசி வளரும் என்று நம்பியவர்கள் இவர்கள். ஆனால் இவர்களைப் பற்றிய பழைய நூல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அப்பம்தான் பேசப்படுகிறது: ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வேளையில், யார் உழைத்துச் சம்பாதித்தது, யாருக்குக் கொடுத்தது. துறவு மடங்களின் வரலாறு இந்தக் கணக்கிலிருந்தே வளர்ந்தது.

இதன் வேர் விவிலியத்தில் இருக்கிறது. பாலைநிலத்தில் பசித்த இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா தரப்பட்டது, மனித உயிர் அப்பத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை என்று அவர்கள் அறிவதற்காகவே என்கிறது இணைச்சட்ட நூல். நாற்பது நாள் நோன்பிருந்த இயேசு, கற்களை அப்பமாக்கச் சொன்ன சோதனைக்கு அந்த வசனத்தையே மறுமொழியாக்கினார். ஆதித் திருச்சபையின் மிகப் பழைய கைநூல்களில் ஒன்றான திதாக்கே, புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களை நோன்பு நாள்களாகக் குறிக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் தபசுக்காலத்தில் காக்கும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் இந்த நீண்ட மரபின் கிளைகளே. ஊரிலிருந்துகொண்டே வாரத்தில் சில நாள் காத்த ஒழுக்கத்தை ஆயுள் முழுவதற்குமான வாழ்முறையாக்கியது எகிப்தின் பாலைநிலம்.

அதற்கு முன்னோடியாகப் போற்றப்படுபவர் அந்தோணியார் (சுமார் 251–356). நடு எகிப்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டோ இருபதோ; 300 அரூரா, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் நல்ல நிலமும் ஒரு தங்கையும் அவர் பொறுப்பில் வந்தன. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி செல்வரான ஒருவரிடம் இயேசு சொன்ன பகுதி கோயிலில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு, நிலத்தை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். தங்கைக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டார். நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற நற்செய்திப் பகுதியை மற்றொரு நாள் கேட்டதும் அந்தக் கொஞ்சத்தையும் கொடுத்துவிட்டு, தங்கையைக் கன்னியர் குழு ஒன்றில் சேர்த்தார்.

சுமார் 35 வயதில் நைலைக் கடந்து, கைவிடப்பட்ட கோட்டை ஒன்றுக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டார். அங்கே இருபது ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பம் கொண்டுவந்து கூரை வழியாக இறக்குவார்கள். மேல் எகிப்தியர் ஓராண்டுகூடக் கெடாதபடி அப்பம் சுட்டு உலர்த்தத் தெரிந்தவர்கள். அந்தக் கைத்திறன் இல்லாமல் அந்தத் தனிமை நடந்திருக்காது. கடைசியில் ஆர்வலர்கள் கதவைப் பெயர்த்தபோது வெளியே வந்தவரைக் கண்டு வியந்தார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் சொல்கிறார். உடல் பெருக்கவும் இல்லை, நோன்பால் வற்றவும் இல்லை; உள்ளே போன அதே தோற்றம். உடலை அழிப்பது நோக்கமல்ல, அதை அதன் இடத்தில் வைப்பதே நோக்கம் என்ற கருத்தை அத்தனாசியுஸ் இந்தக் காட்சியில் வைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் செங்கடலை நோக்கிய உள்மலைக்குப் போன அந்தோணியார், தமக்கு அப்பம் சுமந்து வருவோரின் பாடு கண்டு மண்வெட்டியும் கோடரியும் கொஞ்சம் தானியமும் கேட்டு வாங்கி, தாமே விதைத்தார். களைத்து வரும் விருந்தினருக்கென்று காய்கறியும் போட்டார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் வனத்து அந்தோணியார் என்று அழைத்து ஜனவரி 17 அன்று விழா எடுப்பது இவருக்குத்தான். பதுவை அந்தோணியார் வேறு, ஒன்பது நூற்றாண்டுகள் பிந்தியவர்.

தனிக்குடில் வாழ்வு எல்லாராலும் முடிவதல்ல. அதற்கு வழி கண்டவர் பக்கோமியுஸ் (சுமார் 292–346). கிறிஸ்தவரல்லாத குடும்பத்தில் பிறந்த இவரை இளம் வயதில் ரோமானியப் படைக்குப் பிடித்துப்போய், தீபெஸ் நகரில் மற்றவர்களோடு அடைத்து வைத்தார்கள். மாலையில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் அந்த இளைஞர்களுக்கு உணவு கொண்டுவந்து ஊட்டினார்கள். யார் இவர்கள் என்று விசாரித்தபோதுதான் கிறிஸ்தவர் என்ற பெயரையே அவர் அறிந்தார். விடுதலையானதும் திருமுழுக்குப் பெற்றார். கூட்டுத் துறவின் தந்தை விசுவாசத்துக்கு வந்தது ஒரு வேளைச் சோற்றின் வழியாக. 320களின் தொடக்கத்தில் தபென்னேசி என்ற வெறிச்சோடிய ஊரில் அவர் முதல் மடத்தை நிறுவினார். அவர் இறக்கும்போது ஆண்களுக்கு ஒன்பது மடங்களும் பெண்களுக்கு இரண்டும் இருந்தன.

அவருடைய ஒழுங்குகளில் உணவுக்குக் கண்டிப்பும் உண்டு, கனிவும் உண்டு. பகலில் ஒரு பொதுச் சாப்பாடு, மாலையில் ஒன்று. புதனும் வெள்ளியும் நோன்பு. குறைவாக உண்ண விரும்புபவர் தம் அறையிலேயே அப்பம், உப்பு, தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். நோயாளிக்குத் தனி உணவு. பந்தியில் பேச்சு கிடையாது. அடுத்தவர் மெல்லுவதை ஒருவர் பார்க்காதபடி முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு தின்றார், யார் எவ்வளவு விட்டார் என்ற ஒப்பீட்டுக்கு இடமே வைக்காத ஏற்பாடு இது. மடத்தில் சேர்பவர் எழுத்தறியாதவரானால் கற்றே ஆகவேண்டும். புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் மனப்பாடம் செய்யவேண்டும். வேலை செய்யும்போது வாய் அந்த வசனங்களையே அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஆன்ம உணவு என்று அவர்கள் சொன்னது இந்த இடையறாத ஓதலையும், வார இறுதியில் பெறும் நற்கருணையையும்தான்.

வடக்கே நைல் டெல்டாவின் மேற்கு விளிம்பில் மூன்று குடியிருப்புகள் எழுந்தன: அம்மோன் தொடங்கிய நிட்ரியா, அதற்குத் தெற்கே கெல்லியா, இன்னும் தொலைவில் எகிப்தின் மக்காரியுஸ் சுமார் 330இல் போய்த் தங்கிய ஸ்கேத்திஸ். கெல்லியாவின் இடத்தைக் குறித்த விதத்தைப் பழைய தொகுப்பு ஒன்று சொல்கிறது. நிட்ரியாவில் கூட்டம் பெருகிவிட்டது, தனிமை நாடுவோருக்குப் புது இடம் வேண்டும் என்று அம்மோன் அந்தோணியாரிடம் கேட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் உண்டார்கள், பிறகு நடந்தார்கள், சூரியன் சாய்ந்த இடத்தில் செபித்துச் சிலுவை நட்டார்கள். ஒரு குடியிருப்பில் மூன்று மணிக்கு உண்டவர், பொழுது சாய்வதற்குள் மறு குடியிருப்பில் உள்ள சகோதரரைப் பார்க்கப் போய்ச் சேரலாம். அன்றாட உணவு வேளையே ஊர் எல்லையை வகுத்தது. 1960களிலிருந்து பிரெஞ்சு, சுவிஸ் ஆய்வாளர்கள் அங்கே நூற்றுக்கணக்கான குடில்களின் எச்சங்களை வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள்.

நிட்ரியாவில் 5,000 பேர் இருந்ததாகவும், அவர்களுக்கும் உள்பாலையில் இருந்த 600 தனித்துறவிகளுக்கும் ஏழு அடுமனைகள் அப்பம் சுட்டதாகவும் சுமார் 420இல் எழுதிய பல்லாதியுஸ் குறிப்பிடுகிறார். அந்தக் கால எண்களை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அங்கே சில காலம் வாழ்ந்தவர் அவர்; ஏழு அடுமனைகளை நம்பலாம்.

தனித்துறவி ஒருவரின் நாளுக்குரிய அளவு இரண்டு சிறிய அப்பங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ரோமானிய ராத்தல், இன்றைய கணக்கில் 330 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கல்லாக உலர்ந்திருக்கும், தண்ணீரில் ஊறப்போட்டு உப்போடு உண்பார்கள். விசேட நாளில் சிறிது எண்ணெய். வேளை பிற்பகல் மூன்று மணி. விடியலிலிருந்து அதுவரை பனையோலையைத் தண்ணீரில் நனைத்துக் கயிறு திரிப்பதும் கூடை முடைவதும், கூடவே திருப்பாடல்களும்.

இந்த அளவுக்கே மனம் எப்படி முரண்டு பிடிக்கும் என்பதை கெல்லியாத் துறவி எவாக்ரியுஸ் (345–399) போல் நுணுக்கமாக எழுதியவர் இல்லை. ஆன்மாவைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்ட அவர், பெருந்தீனியை முதலில் வைத்தார். அவர் விவரிக்கும் பெருந்தீனி, வயிறு புடைக்கத் தின்பவனின் ஆசை அல்ல. நோன்பிருக்கும் துறவியின் காதில் அது ஓதும் பயம்: வயிறு கெடும், ஈரல் வீங்கும், நீண்ட நோய் வரும், மருந்து கிடையாது, வைத்தியரும் அருகில் இல்லை. பசியைவிட, நாளை பற்றிய அச்சமே செபத்தைக் கலைக்கிறது என்று அவர் கண்டிருந்தார். கீரையும் கனியும்கூடத் தொடாமல் கெல்லியாவில் வாழ்ந்த அவருக்கே பிற்காலத்தில் வயிறு கெட்டது. அப்பத்தை விட்டு, வேகவைத்த கீரைக்கும் கஞ்சிக்கும் மாறினார் என்று அவருடைய மாணவர் பல்லாதியுஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மிகையான நோன்பும் பெருந்தீனியும் ஒரே கேட்டில்தான் கொண்டுபோய் விடும் என்பது ஸ்கேத்திஸின் மூத்தவர்கள் கற்பித்த பாடம். நாள்கணக்கில் பட்டினி கிடந்து பிறகு வயிறு நிறைய உண்பதைவிட, தினமும் அந்த இரண்டு அப்பத்தோடு நிறுத்துவது கடினம், பயனும் மிகுதி என்று அவர்கள் சொன்னதை, எகிப்தில் அவர்களிடையே வாழ்ந்த யோவான் காசியான் பதிவு செய்தார். விருந்தினர் வந்தால் நோன்பு பின்னுக்குப் போகும். ஒருமுறை ஸ்கேத்திஸில் வாரம் முழுவதும் நோன்பு என்று கட்டளை. கொள்ளைக்காரராக இருந்து துறவியான எத்தியோப்பிய மோசேயின் குடிலிலிருந்து புகை எழும்பியது. வெளியூரிலிருந்து வந்த சகோதரருக்காக அவர் அடுப்பு மூட்டியிருந்தார். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். வார இறுதியில் சபை கூடியபோது குருக்கள், மனிதர் கட்டளையை மீறிக் கடவுளின் கட்டளையைக் காத்தவர் என்று எல்லார் முன்னும் அவரைப் பாராட்டினார்கள்.

உடலின் தேவையை அடியோடு மறுப்பவருக்கு இந்த மரபு தந்த மறுமொழி, சீனாய் மலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அங்கே சில்வானுஸ் என்ற மூத்தவரிடம் வந்த ஒருவர், சகோதரர்கள் வேலை செய்வதைக் கண்டு, அழியும் உணவுக்காக உழைப்பானேன், நற்செய்தியில் பணிவிடை செய்த மார்த்தாவை அல்ல, இயேசுவின் சொல் கேட்டு அமர்ந்திருந்த மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்றல்லவா இருக்கிறது என்று கேட்டார். சில்வானுஸ் வாதாடவில்லை. ஒரு புத்தகத்தைக் கொடுத்து, வேறு எதுவுமில்லாத அறை ஒன்றில் அவரை இருக்கச் சொன்னார். மூன்று மணி ஆயிற்று. வந்தவரின் கண் வாசலிலேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய், இன்று சகோதரர்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டார். சாப்பிட்டாயிற்று என்றார் முதியவர். நீர் ஆவிக்குரியவர், இந்த உணவு உமக்கு வேண்டாம். நாங்கள் உடலோடு இருப்பவர்கள், உண்ண வேண்டியிருக்கிறது, அதனால் உழைக்கிறோம் என்றும் சொன்னார். வந்தவர் மன்னிப்புக் கேட்டார். மரியாவுக்கும் மார்த்தா வேண்டும் என்று சொல்லி அவரைத் தேற்றினார் சில்வானுஸ்.

உண்பது குறைவு, உழைப்பு மிகுதி. எனவே மிச்சம் இருந்தது. அறுவடைக் காலத்தில் துறவிகள் டெல்டா வயல்களுக்குக் கூலிக்குப் போய்க் கோதுமையோடு திரும்புவார்கள். பஞ்சம் பட்ட லிபியாவுக்கும் நகரச் சிறைகளில் வாடுவோருக்கும் அவர்கள் உணவு அனுப்பியதைக் காசியான் எழுதுகிறார். அர்சினோயே பகுதியில் செராப்பியோன் என்ற குருவின் கீழிருந்த துறவிகள் தங்கள் கூலித் தானியத்தைக் கப்பலேற்றி அலெக்சாந்திரியாவின் ஏழைகளுக்கு அனுப்பினார்கள். தம் பசியைச் சுருக்கியவர்கள் பிறர் பசியைச் சிறிதாக எண்ணவில்லை. இந்த மரபில் மிக உயர்ந்தது இதுவே.

399இல் இறையியல் பூசல் ஒன்று கெல்லியாவையும் நிட்ரியாவையும் கலைத்தது. 407ஐ ஒட்டி பாலைக் குடியினரின் கொள்ளையால் ஸ்கேத்திஸ் பாழாயிற்று. பலர் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். எகிப்தை விட்டு நீங்கிய காசியான் சுமார் 415இல் மார்சேயில் மடங்களை நிறுவி, முதியோரின் போதனைகளை இலத்தீனில் எழுதினார். மாலையில் அவற்றை வாசிக்கும்படி 6ஆம் நூற்றாண்டில் தம் ஒழுங்கில் விதித்தார் புனித ஆசீர்வாதப்பர். அதே ஒழுங்கு ஒவ்வொரு துறவிக்கும் நாளுக்கு ஒரு ராத்தல் அப்பம், சமைத்த பதார்த்தம் இரண்டு, அளவான திராட்சை இரசம் என்று வகுத்து, பந்தியில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் பேசாமல் உண்ணச் சொல்கிறது. அதன் வழியே இந்த ஒழுக்கம் மேற்கு ஐரோப்பாவின் மடங்களுக்கெல்லாம் பரவியது.

எகிப்தில் அது அறுந்துபோகவில்லை. ஸ்கேத்திஸ் இருந்த வாதி நத்ரூனில் நான்கு பழைய காப்டிக் மடங்களும், செங்கடல் பக்கத்து மலையடிவாரத்தில் அந்தோணியார் மடமும் இன்றும் இயங்குகின்றன. 1969இல் துறவி மத்தா எல்-மெஸ்கின் ஒரு சிறு குழுவோடு வந்து சேர்ந்தபின், அந்த நான்கில் ஒன்றான மக்காரியுஸ் மடம் பாலையை உழுது பயிரிடும் பெரிய சமூகமாக வளர்ந்தது. காப்டிக் திருச்சபையின் நாள்காட்டியில் நோன்பு நாள்கள் ஆண்டுக்கு 200க்கும் மேல். திதாக்கே குறித்த புதனும் வெள்ளியும் அவற்றில் அடங்கும்.