கரைப்பான் மருந்தான கதை

வெள்ளவத்தையிலே காலி வீதியோரத்து மருந்துக்கடையிலாயினும், கொட்டாஞ்சேனையில் உள்ளதொன்றிலாயினும், வைத்தியரின் சீட்டைக் காட்டிக் காக்கைவலிப்புக்கென வாங்கும் மாத்திரைகளுள் சோடியம் வல்புரோயேற்று என்பதும் ஒன்று. அதன் வரலாறு விநோதமானது.

1882ஆம் ஆண்டில் பேர்ட்டன் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர் வல்புரோயிக் அமிலத்தை ஆக்கினார். பின்னர் எண்பது ஆண்டுக் காலம் அது பிற பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே ஆய்வுகூடங்களிற் கிடந்தது. 1962இல் பிரான்சிலே பியர் எமார் என்பவர் தாம் ஆக்கிய புதிய சேர்வைகளை அதிலே கரைத்தார். அக்கரைசல்களை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எதைக் கரைத்திருந்தாலும் வலிப்பு அடங்கிற்று! மாப்பிள்ளையை விட்டு, அவரை ஏற்றிவந்த வண்டிக்காரனுக்கு மாலையிட வேண்டியதாயிற்று. 1967இல் பிரான்சு அதனை மருந்தாக ஏற்றுக்கொண்டது.

2001இல் இரு குழுவினர் இதன் இன்னொரு செயலைத் தனித்தனியே கண்டனர். உயிர்க்கலத்தினுள்ளே டி.என்.ஏ. இழையானது ஹிஸ்டோன் என்னும் புரதத்தின்மீது, கட்டையிற் சுற்றிய நூல்போலச் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகினால் அவ்விடத்து மரபணு வாளாவிருக்கும், தளர்ந்தால் தொழிற்படும். அச்சுற்றை இறுகச் செய்யும் நொதியங்களை இவ்வமிலம் தடுக்கிறது.

இதன் பயன் விரைவிலேயே வேறொரு துறையில் வெளிப்பட்டது. 2006இல் யப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா நான்கு மரபணுக்களைப் புகுத்தி, சுண்டெலியின் முதிர்ந்த கலங்களை, எவ்வுறுப்பாகவும் வளரவல்ல மூலக்கலங்களாக மீட்டார். ஆயினும் ஆயிரத்தில் ஒரு கலந்தானும் அவ்வாறு மாறவில்லை. அந்நான்கினுள் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடையதுமாகும். 2008இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து டக்ளஸ் மெல்ற்றனின் குழுவினர் வல்புரோயிக் அமிலத்தைச் சேர்த்தனர். மாற்றம் நூறு மடங்குக்கு மேற் பெருகியது. அவ்வாண்டே, மனிதக் கலங்களுக்கு இரண்டு மரபணுக்களே போதுமாயின. 2013இல் பீக்கிங் பல்கலைக்கழகத்து டெங் ஹொங்குயி குழுவினர் மரபணு எதனையும் புகுத்தாது, ஏழு சிறு மூலக்கூறுகளாலேயே சுண்டெலிக் கலங்களை மீட்டனர். அவ்வேழினுள் நமது மருந்துக்கடை அமிலமும் ஒன்று.

இவ்வாற்றலுக்கு மறுபக்கமும் உண்டு. கருவுற்ற காலத்தில் இம்மருந்தை உண்ட தாய்மாரின் குழந்தைகள் சிலர் முள்ளந்தண்டு மூடாமற் பிறந்தமையை 1982இலேயே லியோன் நகரத்து ஆய்வாளர் அறிவித்தனர். சிசுவின் மரபணுக்கள் தொழிற்படும் ஒழுங்கு இம்மருந்தினாற் குலைவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இதனை உண்ணும் பெண்கள் மகப்பேற்றை எண்ணுமுன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும். அச்சத்தினாலே தாமாக நிறுத்திவிடலும் ஆகாது. திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் கடுமையாக எழக்கூடும்.